ஊரையே ‘ஆ’ காட்டச் சொன்ன அக்கா

ஏற்காட்டில் மொத்தம் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று ஏதாவது ஆபீஸில் போய்க் கேட்டால் ஒரு கணக்குச் சொல்வார்கள். அதில் எத்தனை பேருக்கு உள்நாக்கு ஒழுங்காக வெளியே தெரியும் என்று கேட்டால் முழிப்பார்கள். அதையும் ஆள்வாரியாகச் சொல்லக்கூடிய ஒரே ஜீவன், எங்கள் நர்ஸ் ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தது.

அவளுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. சர்ச்சில் கொடுத்த பெயர் இன்னொன்று. இரண்டையும் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏரிக்கரை பஜ்ஜிக் கடைக்காரரில் ஆரம்பித்து பஸ் கண்டக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ‘ஆ காட்டு சிஸ்டர்’. எனக்கு மட்டும் அக்கா.

அந்த மலை ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். வேலைக்குச் சேர்ந்த அன்று பெட்டியோடு ரூமுக்குள் நுழைந்தேன்.

“வா கண்ணு. சாப்டியா?” என்றாள்.

“இல்லீங்க்கா.”

“ஆ காட்டு.”

ஊட்டிவிடப் போகிறாள் என்று நினைத்து வாயைத் திறந்தேன். நான் சேலத்துக்காரி. மலை மேலே இருக்கிறவர்களுக்கு இத்தனை பாசமா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவள் செல்போன் டார்ச்சைப் போட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். “நாக்க நல்லா நீட்டு. ம்ஹும். தலயத் தூக்கு.” மூன்று விரலைச் சேர்த்து என் மோவாய்க்கு அடியில் வைத்து அளந்தாள். முகம் வாடிவிட்டது. “உங்க ஊட்டுல எல்லாருக்குமே கழுத்து இத்தனூண்டுதானா?”

“ஏனுங்க்கா?”

“ஒன்னுமில்ல சாமி. உனக்கு ஏதாச்சும் ஆபரேசன் வந்துச்சுன்னா என்னக் கேக்காம டேபிள்ல ஏறிப் படுத்துறாத.”

அதற்குப் பிறகுதான் இட்லியைக் கண்ணில் காட்டினாள்.

விஷயம் இதுதான். பெரிய ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது தொண்டைக்குள் மூச்சுக்குழாய் போடுவார்கள். வாயைத் திறந்து நாக்கை நீட்டினால் உள்நாக்கு முழுசாகத் தெரிகிற ஆளுக்குக் குழாய் பெரும்பாலும் சமர்த்தாக உள்ளே போகும். தெரியாத ஆளென்றால் டாக்டருக்கு வியர்க்கும். அக்கா அதற்குச் சொந்தமாக நாலு தரம் வைத்திருந்தாள். தங்கம், வெள்ளி, பித்தளை, ‘கர்த்தரே’. நான் பித்தளையைத் தாண்டிக் கர்த்தரை நெருங்கிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் நர்ஸே மயக்கம் கொடுக்கலாம், அதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறது என்று யாரோ ஒரு சீனியர் சொல்லிவிட்டுப் போக, அன்றிலிருந்து அக்காவுக்கு வேறு நினைப்பே கிடையாது. அந்த ஊர் நர்ஸ் பரீட்சையைக்கூட எழுதிப் பாஸ் பண்ணிவிட்டாள். ஒன்றே ஒன்றுதான் இடித்தது. அந்தப் படிப்பில் சேர ஐசியூ அனுபவம் வேண்டும். கட்டில் விரிப்பு மாற்றிய அனுபவம் கணக்கில் வராது. உயிர் போகவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற நோயாளிக்குப் பக்கத்தில் நின்று, மூச்சு மிஷினையும் மருந்து பம்பையும் கவனித்துக்கொண்ட அனுபவம் வேண்டும். அதற்காகவே புறநோயாளிப் பிரிவில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்த வேலையை விட்டுவிட்டு, எங்கள் ஐசியூவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள்.

எங்கள் ஐசியூவில் மூன்று கட்டில். பனிக்காலத்தில் இளைப்புக்காரப் பெரியவர்கள் வருவார்கள். காப்பிப் பழம் பறிக்கிற சமயத்தில் பாம்புக்கடி வரும். சீசனில், தண்ணியடித்துவிட்டு வியூ பாயின்டில் எட்டிப் பார்த்தவர்கள் வருவார்கள். மற்ற நாட்களில் அங்கே கொசுகூட ஆரோக்கியமாக இருக்கும்.

ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஒரு சாஸ்திரம் உண்டு. ‘இன்னிக்கு வேலையே இல்ல’ என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த நிமிஷம் ஆம்புலன்ஸ் வரும். அக்கா டூட்டிக்கு வந்ததும் நடுக்கூடத்தில் நின்று அதைச் சத்தமாக மூன்று தரம் சொல்லுவாள். இன்சார்ஜ் சிஸ்டர் காதைப் பொத்திக்கொள்வார்.

“வாயக் கழுவுடி! நல்லா இருக்கிற ஜனங்க நல்லா இருந்துட்டுப் போவட்டும்!”

“நான் என்னுங் சிஸ்டர் கேட்டேன்? ஒரே ஒரு நல்ல கேஸு. வெண்டிலேட்டர்ல போட்டு, ரெண்டு மூனு பம்பு ஓட்டி, பத்து நாள்ல பொழச்சு நடந்து போற மாதிரி ஒரு கேஸு. கர்த்தருக்கு அது கஷ்டமுங்களா?”

கர்த்தர் இரண்டு பக்கமும் யோசித்து, ஒரு வயிற்றுப்போக்குக் கேஸை அனுப்பி வைப்பார்.

கேஸ் தானாக வராததால் அக்காவே தேடிப் போக ஆரம்பித்தாள். லீவு நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு வியூ பாயின்டுக்குப் போவாள். பள்ளத்தாக்கும் பனிமூட்டமும் அவள் கண்ணுக்கே படாது. படியேறி வருகிற டூரிஸ்டுகளில் யாருக்கு அதிகமாக மூச்சு வாங்குகிறது என்று பார்ப்பாள். ஒரு நாள் நல்ல கனமான பெரியவர் ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா பையிலிருந்து விரலில் மாட்டுகிற ஆக்ஸிஜன் கருவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“ஏனுங்க, ஒரு நிமிசம் வெரலக் குடுங்க.”

“வேணாம்மா, எனக்கு மோதிரமெல்லாம் வேணாம்” என்றார் அவர்.

“விக்கிறதுக்கு இல்லீங்க, சும்மாதானுங்க.”

‘சும்மா’ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் பர்ஸைப் பொத்திக்கொண்டு ஏறின வேகத்தைப் பார்த்து அக்காவுக்குப் பெருத்த ஏமாற்றம். “நொம்ப நல்ல ஹார்ட்டு கண்ணு” என்றாள், வீணாகப் போன பொருளைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

ரூமிலும் விடமாட்டாள். டூட்டி முடிந்து மத்தியானம் நான் தூங்கி எழுந்தால் என் ஆள்காட்டி விரலில் அந்தக் கருவி சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும். “கொறட்ட விடையில உனக்கு ரெண்டு பாயின்டு எறங்குது” என்பாள். கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறவர்களிடம் இதைச் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

வாரத்தில் இரண்டு நாள் ஆபரேஷன் இருக்கும். அதற்கு சேலத்திலிருந்து மயக்க டாக்டர் காரில் வருவார். அவருக்குக் கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கொள்ளாது. இருபது வளைவையும் ஏறி வந்து கார் கதவைத் திறக்கும்போது முகம் வெளிறி, அவருக்கே யாராவது மயக்கம் கொடுத்த மாதிரி இருப்பார். போர்ட்டிகோவில் அக்கா எலுமிச்சை ஜூஸோடு நிற்பாள். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் பேசமாட்டாள். டம்ளரை வாங்கிக்கொண்டு, “டாக்டருங்க, இன்னிக்கு நான் தலமாட்டுல நின்னுக்கட்டுங்களா?” என்பாள். அந்த நிலைமையில் அவர் எதற்கும் தலையாட்டுவார். அப்படியே நின்று நின்று, தாடையை எப்படித் தூக்கிப் பிடிப்பது, முகமூடியை எப்படி அழுத்தி மூச்சுக் கொடுப்பது என்று அவரிடம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். அவரும் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்.

அக்காவின் அப்பா தலைச்சோலை பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர். அவருக்கு இந்த ஆசை கொஞ்சமும் விளங்கவில்லை. “ஆள மயங்க வெக்கிறதுக்குப் படிப்பா? அதுவும் அமெரிக்கா போயா? நம்ம சர்ச்சுல ஞாயித்துக்கெழம பிரசங்கம் ஆரம்பிச்சா பத்தே நிமிசத்துல பாதி சனம் மயங்குது. எந்த மருந்தும் இல்ல” என்பார். அதனால் காலா காலத்தில் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று மாரமங்கலத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையை வரச் சொன்னார். மிளகும் காப்பியும் போட்டிருக்கிற வசதியான குடும்பம். பெண்ணுக்குத் துணையாக நானும் போயிருந்தேன்.

மாப்பிள்ளை பார்க்க லட்சணமாக இருந்தார். கழுத்து மட்டும் கொஞ்சம் குறைச்சல். காப்பித் தட்டோடு உள்ளே வந்த அக்கா, தலையைக் குனிந்துகொள்ள வேண்டிய இடத்தில் அவருடைய மோவாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பொண்ணு ஏதாச்சும் கேக்கோணும்னா கேக்கட்டுங்க” என்று மாப்பிள்ளையின் அம்மா பெருந்தன்மையாகச் சொன்னார். அந்த அம்மாவை நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.

“தூங்கையில கொறட்ட விடுவீங்களா?”

மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“எப்பவாச்சும்…” என்றார் மாப்பிள்ளை.

“நடுவுல மூச்சு நின்னு, திடீருன்னு ‘ஹக்’குனு முழிப்பு வருதுங்களா?”

“அது… உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

“ஒருக்கா ஆ காட்டுங்க.”

மாப்பிள்ளை, பாவம், ஜன்னல் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அவருடைய தாய்மாமனும் ஆர்வத்தில் எட்டிப் பார்த்தார். அக்கா ஒரு நொடி பார்த்துவிட்டு, “கர்த்தரே!” என்றாள்.

சம்பந்தம் அந்த இடத்திலேயே முறிந்தது. ஆனால் அவர்கள் காரில் ஏறும்போது அக்கா பின்னாலேயே ஓடி, தூக்கத்தில் மூச்சு நிற்பதற்கு சேலத்தில் எந்த மாதிரி டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று விளக்கிச் சொல்லிவிட்டு வந்தாள். மாப்பிள்ளை பிற்பாடு போய்க் காட்டியிருக்கிறார். இப்போது தூங்கும்போது ஒரு மிஷின் மாட்டிக்கொள்கிறாராம். பகலில் தூங்கி விழுவதில்லையாம். கல்யாணம் வேறு இடத்தில் ஆயிற்று. பத்திரிகை வந்தது. அக்கா அப்பாவோடு போய் மொய் வைத்துவிட்டு, விருந்தும் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

அமெரிக்காக் காலேஜ்காரர்கள் முதல் தடவை வீடியோவில் இன்டர்வியூ வைத்தார்கள். அவர்களுக்குக் காலை, நமக்குச் சாயங்காலம். அன்றைக்குப் பார்த்து மழை, பனி, கரென்ட் இல்லை. சிக்னல் கிடைத்த ஒரே இடம் ஹாஸ்டல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் ஓரம். அக்கா மேலே பிளேசர், கீழே நைட்டி என்று தொட்டித் திண்டில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு கையில் குடையும் ஒரு கையில் டார்ச்சுமாகத் திரைக்கு வெளியே நின்றேன்.

மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். படித்த கேள்விக்கெல்லாம் மளமளவென்று பதில் சொன்னாள். “ஒரே நோயாளிக்கு எத்தனை பம்பு ஓட்டியிருக்கிறாய்?” என்று ஒருவர் கேட்டார். அக்காவுக்குப் பொய் வராது. ஒன்று, அபூர்வமாக இரண்டு என்றாள். மூச்சு மிஷினில் எத்தனை பேரைப் பார்த்தாய் என்றார்கள். அதையும் சொன்னாள். விரல் விட்டு எண்ணினாலும் விரல் மிச்சமிருக்கும். கடைசியில், எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். நடுவில் நல்ல தாடி வைத்த ஒருவர் இருந்தார். அக்கா அவரைப் பார்த்து, “சார், உங்க தாடிக்குள்ள தாடை சின்னதா இருக்கற மாதிரி தெரியுது. எப்பவாச்சும் ஆபரேசன் பண்ணுனா மயக்கம் குடுக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிருங்க” என்று இங்கிலீஷில் சொன்னாள். அதே நேரம் காற்று அடித்து என் குடை பறந்து, டார்ச் வெளிச்சத்தில் நைட்டி பளிச்சென்று தெரிந்தது.

அவர்கள் சிரித்தார்கள். நல்லவர்கள்தான். ஆனால் இடம் தரவில்லை. பெரிய ஐசியூவில், கடுமையான நோயாளிகளோடு இன்னும் வேலை பார்த்துவிட்டு வா என்றார்கள்.

அக்கா மூன்றாம் நாளே மலையிறங்கினாள். சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஐசியூவில் சேர்ந்தாள். ஆனாலும் ஹாஸ்டல் கட்டிலை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மலைக்கு வந்தாக வேண்டுமே என்று வார்டனிடம் மன்றாடி வைத்திருந்தாள்.

முதல் சில வாரம் வரும்போதெல்லாம் திருவிழாவுக்குப் போய் வந்த குழந்தை மாதிரி பேசினாள். “கண்ணு, ஒரே ஆளுக்கு நாலு பம்பு! கிட்னி மிஷினு வேற!” என்று என் தலையணையை நோயாளியாக வைத்து நடித்துக் காட்டினாள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் வாயைத் திறந்து கொட்டாவி விட்டேன். அவள் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குப் பகீரென்றது.

“என்னாச்சுங்க்கா?”

“காலேஜ் படிக்கிற புள்ள கண்ணு. காய்ச்சல்னு வந்தா. நான் கேட்ட மாதிரியே கேஸு. வெண்டிலேட்டரு, நாலு பம்பு, எல்லாம். நான் அந்தப் பம்பயெல்லாம் பாத்து மனசுக்குள்ள சந்தோசப்பட்டேன். எல்லாரும் என்னென்னவோ பண்ணிப் பாத்தோம். நேத்திக்குக் காத்தால போயிட்டா. அப்பறம் அவங்கம்மா சீப்பு எடுத்துக்கிட்டு வந்தாங்க. ‘சிக்கு விழுந்து கெடக்குது, பின்னி உடட்டுங்களா’ன்னாங்க. நான் தலயத் தூக்கிப் புடிச்சுக்கிட்டேன். ரெட்ட ஜடை பின்னுனாங்க.”

லேப்காரிக்கு ரத்தம் தெரியும், சர்க்கரை தெரியும். இதற்கெல்லாம் எங்களிடம் டெஸ்ட் கிடையாது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“கேஸு வேணும் கேஸு வேணும்னு நின்னேனே, எனக்கெல்லாம் என்ன கண்ணு மனசு?” என்றாள். “போதும். பழையபடி இங்கயே வந்தர்றேன். பிரசர் பாத்துக்கிட்டு, ‘மாத்தர சாப்டீங்களா’ன்னு கேட்டுக்கிட்டு இருந்தர்றேன்.”

மறுநாள் சர்ச்சுக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேலையை விடப் போவதை அப்பாவிடம் சொல்லத் தலைச்சோலைக்குப் போகலாம், நீயும் வா என்றாள். அதற்கு முன் மஞ்சக்குட்டையில் அவள் சித்தி வீட்டில் காலைச் சாப்பாடு. அங்கிருந்து, வண்டி மாறிப் போவதற்காக, ஏற்காடு டவுனுக்கு ஷேர் ஜீப்பில் ஏறினோம்.

ஜீப்பில் வழக்கம்போல மூட்டைகளும் அதற்கு நடுவில் ஆட்களும். எங்களுக்கு எதிரே ஓட்டல் பரோட்டா மாஸ்டர் ஒருவர், லீவு முடிந்து டவுனுக்கு வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பாதி வழியில் திடீரென்று அவர் கை விறைத்தது. கண் மேலே செருகியது. அப்படியே சரிந்தார், கை காலெல்லாம் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

ஜீப்புக்குள் ஒரே கூச்சல். வலிப்பென்றால் நம் ஊரில் எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான். ஒருவர் சாவிக்கொத்தை நீட்டினார். எஸ்டேட் ஆள் ஒருவர் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியை எடுத்தார். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்பேனரோடு வந்தார். ஒரு அம்மா, வேறு இரும்பு கிடைக்காமல், புதிதாக வாங்கிய தோசைக்கல்லைப் பையிலிருந்து உருவிக்கொண்டிருந்தார்.

“இரும்பெல்லாம் பைக்குள்ள போடுங்க!” என்று ஒரு குரல். அக்காவின் குரல்தான். நான் அப்படி ஒரு குரலை அவளிடம் கேட்டதில்லை. “ஸ்பேனரக் கீழ வெச்சுட்டு வண்டிய எடுங்கண்ணா! தோசக்கல்லு, நீங்க தள்ளி உக்காருங்க!”

மூட்டைகளைத் தள்ளி, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். வெட்டு நின்றது. அப்பாடா என்று நினைத்தோம். ஆனால் அவருக்கு நினைவு வரவில்லை. தொண்டையில் கர்ரென்று சத்தம். அப்புறம் அந்தச் சத்தமும் குறைந்தது. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைத்துவிட்டது என்று பிற்பாடு சொன்னாள். அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்து, இரண்டு கைவிரல்களையும் தாடை எலும்புக்குப் பின்னால் கொடுத்து, முன்பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள். ‘ஹா’வென்று ஒரு மூச்சு உள்ளே போனது. ஜீப்பே அவரோடு சேர்ந்து மூச்சுவிட்டது.

“அண்ணா, பேரு என்னுங்கண்ணா? அண்ணா, நான் பேசறது கேக்குதுங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கையை எடுத்தால் மூச்சு அடைக்கும். எடுக்கவே இல்லை. வழியில் இன்னொரு தரம் வெட்டியது. அது அடங்கும் வரை ஒருக்களித்துப் பிடித்து, அடங்கியதும் மறுபடி தாடையைத் தூக்கினாள்.

டவுனுக்குள் நுழைந்தோம். சீசன் ஞாயிறு. ஏரியைச் சுற்றி ஒரே கார். ஒரு டூரிஸ்ட் பஸ் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. ஜீப் அசையவில்லை.

“கண்ணு, எறங்கு! வழி பண்ணு!” என்றாள்.

நான் அதுவரைக்கும் யாரையும் அதட்டிப் பேசினதில்லை. லேபில்கூட ‘கொஞ்சம் கை நீட்டறீங்களா’ என்று கெஞ்சுகிற ஆள். அன்றைக்கு தோசைக்கல்காரம்மாவிடமிருந்து கல்லையும் கரண்டியையும் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். டங் டங்கென்று அடித்துக்கொண்டு முன்னால் ஓடினேன். “உசுருங்க! உசுருங்க! வழி உடுங்க!” செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் சிதறியது. கார் கண்ணாடியை இறக்கி ஏதோ கேட்க வந்தவர், என் முகத்தைப் பார்த்து மறுபடி ஏற்றிக்கொண்டார். பஜ்ஜிக் கடைக்காரரும் கண்டக்டரும் ஓடிவந்து, ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து, “ஆ காட்டு சிஸ்டரு! நம்ம சிஸ்டரு!” என்று கத்திக்கொண்டே கார்களைக் கையாலேயே ஒதுக்கினார்கள். பஸ் டிரைவர் எப்படி அந்தச் சந்தில் பின்னால் எடுத்தார் என்று இன்றுவரை தெரியாது.

யாரோ போன் பண்ணிச் சொல்லியிருந்தார்கள், எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இன்சார்ஜ் சிஸ்டர் ஸ்ட்ரெச்சரோடு நின்றார். இறக்கும்போதே மூன்றாவது தரம் வெட்டியது. டூட்டி டாக்டர் ஊசி போட்டார், வெட்டு நின்றது. மூச்சு சரியில்லை, குழாய் போட்டுவிடலாம் என்று முடிவு பண்ணினார். “நீ தலைப்பக்கமே இரும்மா” என்று அக்காவிடம் சொன்னார். கச்சிதமாகப் போட்டார். மூன்று கட்டிலில் ஒன்றில் மாஸ்டர் படுத்தார். மிஷின் அவருக்காக மூச்சுவிட்டது.

அக்கா வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு கையும் தாடையைப் பிடித்த வாக்கிலேயே வளைந்து நின்றுவிட்டது, விரல் நீளவில்லை. டீ வந்தது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான் ஊதி ஊதிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் மாஸ்டர் கண் விழித்தார். குழாயை எடுத்தார்கள். வெளியே அவர் மனைவி இரண்டு குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார். அக்கா சேலம் டூட்டிக்குப் போகவில்லை. கட்டில் பக்கத்திலேயே இருந்தாள். “அண்ணா, பேரு என்னுங்க?” என்றாள், முந்தின நாள் கேட்ட கேள்வியை விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி.

“செல்வமுங்க” என்றார், கரகரத்த குரலில்.

“செல்வண்ணா, ஆ காட்டுங்க.”

நான் கதவுக்குப் பின்னால் நின்று இன்சார்ஜ் சிஸ்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆரம்பிச்சுட்டாளா?” என்று முணுமுணுத்தார்.

அக்கா சேலத்துக்குத் திரும்பிப் போனாள். அப்பாவிடம் சொல்லப் போன சேதி சொல்லாமலே நின்றுவிட்டது. அந்தப் பெரிய ஐசியூவில் இன்னும் இரண்டு வருஷம் இருந்தாள். மிஷினையும் மருந்தையும் கரைத்துக் குடித்தாள். அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து ‘கேஸு’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. செல்வண்ணன், பழனியம்மா, அந்தோணித் தாத்தா என்று பெயராகத்தான் வரும். அவர்கள் குடும்பக் கதை முழுக்க எனக்கு மனப்பாடம்.

இரண்டாவது இன்டர்வியூவுக்கு நைட்டி வேண்டாம் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். அதே தாடிக்காரர் வந்தார். தாடி பாதியாகக் குறைந்திருந்தது. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. உன் அனுபவத்திலேயே கஷ்டமான நோயாளி யார் என்றார். சேலத்து மிஷின்களையெல்லாம் விட்டுவிட்டு ஜீப்பைப் பற்றிச் சொன்னாள். அந்த நேரத்தில் உன்னிடம் என்னென்ன கருவி இருந்தது என்று கேட்டார். அக்கா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

இடம் கிடைத்தது.

அவள் கிளம்பின அன்று அப்பா காப்பிப்பொடி, மிளகு, ஊறுகாய் என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். “அமெரிக்காவுல பிரசங்கம் நீளமா இருக்குமாம். எதுக்கும் மயங்காம இருக்கக் காப்பிப்பொடியக் கையில வெச்சுக்க” என்று சொல்லிவிட்டு, ஆளில்லாத பக்கம் போய் மூக்கைச் சிந்தினார். மயக்க டாக்டர் சேலத்திலிருந்து வழியனுப்ப வந்தார். வந்ததும் வராததுமாக மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஜூஸ் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அக்கா காரில் ஏறினாள்.

இப்போது படிப்பு பாதி தாண்டிவிட்டது. வாரம் ஒரு தரம் கூப்பிடுகிறாள். அங்கே வெள்ளைக்காரர், கறுப்பர், சீனர் எல்லோர் வாயிலும் அதே தங்கம், வெள்ளி, பித்தளை, ‘கர்த்தரே’தான் இருக்கிறதாம். அதைச் சொல்லிவிட்டு ஏதோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த மாதிரி சிரிக்கிறாள்.

ரூமில் அவள் கட்டில் காலியாகத்தான் கிடக்கிறது. ஹாஸ்டலில் இடமில்லை, புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தியைப் போடட்டுமா என்று வார்டன் மூன்று தடவை வந்துவிட்டார். மழை பெய்தால் அந்தக் கட்டிலுக்கு நேர் மேலே நொம்ப ஒழுகுதுங்க என்று சொல்லி வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில், இந்த ஏற்காட்டு மழைக்கு, ஒரு சொட்டுக்கூட ஒழுகாத கூரை அது.